உங்கள் நாடி ஏறி இறங்கட்டும், அப்பாவின் நாடியைக் கவனியுங்கள்

கேள்வி: டாக்டர் மேடம், எனக்கு வயது 25. வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுத்தபோது ஈசிஜி தாளின் மேலே 'சைனஸ் அரித்மியா' என்று அச்சாகி வந்தது. ஏஜென்ட் "டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வா" என்கிறார். அன்றிலிருந்து தினமும் மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்க்கிறேன். துடிப்பு ஒரே சீராக இல்லை, கொஞ்சம் வேகமாகப் போகிறது, அப்புறம் மெதுவாகிறது. ஸ்மார்ட் வாட்ச் தூக்கத்தில் 48 காட்டுகிறது, மாடிப்படி ஏறினால் 130. ராத்திரி படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் ஓரிரு விநாடி கண் இருட்டுகிறது. வாரத்தில் நாலைந்து நாள் கபடி ஆடுகிறேன், மூச்சு வாங்குவதோ நெஞ்சு வலியோ இல்லை. என் அப்பாவுக்கு 61 வயது, 17 வருஷமாகச் சுகர் இருக்கிறது, ஆனால் அவர் நாடி கடிகாரம் மாதிரி ஓடுகிறது. உட்கார்ந்தாலும் படுத்தாலும், தூங்கும்போது என் வாட்சைக் கட்டிப் பார்த்தாலும் 96, 98தான். அவருக்கு அடுத்த மாதம் ஹெர்னியா ஆபரேஷன் வேறு இருக்கிறது, இந்த நேரத்தில் என் பிரச்சினையை வீட்டில் சொல்ல மனசு வரவில்லை. அவருக்கே சீராக இருக்கும்போது இந்த வயதில் எனக்கு ஏன் இப்படி? ஈசிஜி படம் அனுப்பியிருக்கிறேன்.
(பெயர் வேண்டாம், நாமக்கல் மாவட்டம்)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த வரி ஒன்று இருக்கிறது, ஆனால் அது உங்களைப் பற்றியது இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், உங்கள் விஷயம் புரிந்தால்தான் அது புரியும்.

முதலில் ஈசிஜி. அடியில் நீளமாக ஓடுகிறதே இரண்டாம் லீட், அந்த வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் ஒரு சின்னக் கட்டம் 0.04 விநாடி, ஒரு பெரிய கட்டம் 0.2 விநாடி. உயரமான ஒரு முனையிலிருந்து அடுத்த முனை வரை எண்ணினால் ஓர் இடத்தில் நாலு பெரிய கட்டம் வருகிறது, அதாவது நிமிடத்துக்கு 75. கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் அதே இடைவெளி ஐந்து கட்டமாக விரிகிறது, அப்படியென்றால் 60. பிறகு திரும்பவும் சுருங்குகிறது. மிகக் குறைந்த இடைவெளிக்கும் மிக அதிக இடைவெளிக்கும் மூன்று சின்னக் கட்டத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் 'சைனஸ் அரித்மியா' என்று பெயர் போடுவது வழக்கம், மெஷினும் அதைத்தான் செய்திருக்கிறது. அது வெறும் அளவுக் கணக்கு, நோய் உண்டா இல்லையா என்று அது சொல்லவில்லை. நான் பார்த்தது வேறு. ஒவ்வொரு உயரமான முனைக்கும் முன்னால் ஒரே உருவத்தில் ஒரு சின்ன மேடு இருக்கிறது, அந்த மேட்டுக்கும் முனைக்கும் உள்ள தூரம் எந்த இடத்திலும் மாறவில்லை. ஆக, துடிப்பு பிறக்க வேண்டிய இடத்தில்தான் பிறக்கிறது, போக வேண்டிய வழியில்தான் போகிறது. வேகம் மட்டும் ஏறி இறங்குகிறது, அதுவும் உங்கள் மூச்சோடு சேர்ந்து.

நம்பிக்கை இல்லையென்றால் நீங்களே பாருங்கள். அமைதியாக உட்கார்ந்து, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் மூன்று விரலை வைத்துக்கொண்டு, ஐந்து விநாடி மூச்சை இழுங்கள், ஐந்து விநாடி விடுங்கள். இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கி வரும், விடும்போது விலகிப் போகும். நாலைந்து தடவை இப்படிச் செய்துவிட்டு, சாதாரண மூச்சில் பத்து விநாடி போலச் சும்மா நிறுத்திப் பாருங்கள், மூச்சு நின்றதும் அந்த ஏற்ற இறக்கம் அநேகமாக அடங்கிவிடும். மூச்சுக்கும் நாடிக்கும் உள்ள இந்தத் தொடர்பைக் கார்ல் லுட்விக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1847லேயே பதிவு செய்துவிட்டார். குழந்தைகளிடமும் உங்கள் வயதுப் பிள்ளைகளிடமும் விளையாட்டுக்காரர்களிடமும் இது நன்றாகத் தெரியும், வயது ஏற ஏறக் குறையும். என்னிடம் வருகிற இருபது வயதுப் பையனுக்கு இது இருந்தால் நான் அதைப் பற்றிப் பேசுவதுகூட இல்லை, எழுதி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

சரி, மூச்சு விட்டால் இதயம் ஏன் மெதுவாக வேண்டும்? இங்கேதான் நரம்பு வருகிறது.

மூளை ஒவ்வொரு தடவையும் "துடி, துடி" என்று சொல்வதால் இதயம் துடிக்கிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. இதயத்தின் வலது மேலறையில், உடம்பின் மேல்பாதியிலிருந்து ரத்தம் வந்து விழும் பெரிய சிரையின் வாயருகே, எஸ்.ஏ. நோட் என்று ஒரு சின்னத் திசுப் பகுதி இருக்கிறது. துடிப்பு அங்கே தானாகவே பிறக்கும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லா நரம்பின் பிடியையும் மருந்து கொடுத்து அடைத்துவிட்டுப் பார்த்தால், உங்கள் வயதில் அது நிமிடத்துக்குச் சுமார் 100 தடவை துடிக்கும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உங்களுக்கு 60, 70 என்று இருக்கிறதென்றால், அது இதயத்தின் சொந்த வேகம் இல்லை, யாரோ அதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

தேர் ஓடும்போது பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்கிறவர்கள் நூற்றுக்கணக்கில் முன்னால் இருப்பார்கள், எல்லார் கண்ணும் அவர்கள் மேல்தான். ஆனால் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே முட்டுக்கட்டையோடு நாலைந்து பேர் நடந்து வருவார்கள், தேரை எங்கே நிறுத்துவது, எங்கே கொஞ்சம் விடுவது, எந்த முனையில் திருப்புவது எல்லாம் அவர்கள் கையில். உங்கள் இதயத்துக்கு முட்டுக்கட்டை போடுவது வேகஸ் நரம்பு. மூளையின் அடியில் முகுளத்திலிருந்து கிளம்பி, கழுத்தில் பெரிய ரத்தக்குழாயை ஒட்டியே இறங்கி, இதயத்துக்குக் கிளை கொடுத்துவிட்டு, இரைப்பை குடல் வரை போகிற நீளமான நரம்பு அது. வடம் பிடிப்பது பரிவு நரம்புகள், முதுகுத்தண்டின் மேல்பகுதியிலிருந்து வருபவை. பயம், கோபம், கபடிக் கோட்டைத் தாண்டி ரெய்டு போவது, எல்லாவற்றுக்கும் இழுப்பது அவை.

இரண்டுக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. உங்கள் கேள்விக்கான விடையே அதில்தான் இருக்கிறது. பரிவு நரம்பு நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தைச் சுரந்து வேகத்தைக் கூட்டுவதற்குச் சில விநாடி ஆகும், முழு வேகம் வர இன்னும் நேரம் எடுக்கும், அடங்கவும் அப்படியே நேரம் எடுக்கும். அதனால்தான் ரெய்டு முடிந்து உட்கார்ந்த பிறகும் நெஞ்சு கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டே இருக்கிறது. வேகஸ் அப்படி இல்லை, அது அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைச் சுரந்தால் அடுத்த ஓரிரு துடிப்புக்குள் வேகம் குறையும், சுரப்பதை நிறுத்தினால் அந்த அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதி பக்கத்திலேயே இருப்பதால் உடனே பிடி விட்டுப்போகும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் வேகத்தை மாற்றும் கெட்டிக்காரத்தனம் வேகஸுக்குத்தான் உண்டு. நீங்கள் மூச்சை இழுக்கும்போது முகுளத்தில் உள்ள மூச்சு மையம் வேகஸை ஒரு நொடி அடக்குகிறது, வேகம் கூடுகிறது. மூச்சை விடும்போது வேகஸ் திரும்ப வருகிறது, வேகம் குறைகிறது. நீங்கள் விரலில் உணர்ந்து பயந்துகொண்டிருப்பது இந்த நரம்பு நன்றாக வேலை செய்வதைத்தான்.

இந்த அசிட்டைல்கோலின் கதை எனக்குப் பிடித்தமானது, ஒரு பத்தி மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். வேகஸைத் தூண்டினால் இதயம் நிற்கும் என்று வெபர் சகோதரர்கள் 1845லேயே காட்டிவிட்டார்கள், ஆனால் நரம்பு எதைக் கொண்டு அதைச் செய்கிறது என்று தெரியவில்லை. ஆஸ்திரியாவில் கிராஸ் நகரில் இருந்த ஆட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை எடுத்தார், ஒன்றின் வேகஸைத் தூண்டி மெதுவாக்கி, அந்த இதயத்தில் இருந்த திரவத்தை மட்டும் எடுத்து இன்னொன்றில் விட்டார், தூண்டாத அந்த இதயமும் மெதுவாகிவிட்டது. இந்தச் சோதனைக்கான யோசனை தூக்கத்தில் வந்தது என்றும், எழுந்து கிறுக்கி வைத்ததைக் காலையில் தன்னாலேயே படிக்க முடியவில்லை என்றும், மறுநாள் ராத்திரி அதே யோசனை வந்ததும் நேராக ஆய்வகத்துக்குப் போய்விட்டதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். 1921இல் வெளியான அந்தச் சோதனைக்கு 1936இல் ஹென்றி டேலோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. நம்மூர் ஆஸ்பத்திரிகளில் அந்தத் திரவத்தில் இருந்த அசிட்டைல்கோலின் என்ன செய்யும் என்பதை அடிக்கடி பார்க்கிறோம். வயலில் மருந்து அடிக்கும்போது பூச்சிமருந்து உடம்பில் ஏறிவிட்டால், சில வகை மருந்துகள் அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியை முடக்கிவிடும், அது உடம்பில் தேங்கும், வாயில் நீர் ஒழுகும், கண்மணி ஊசிமுனையளவு சுருங்கும், நாடி இறங்கும். வேகஸின் பிடியை அடைக்கும் அட்ரோபினை ஊசியில் ஏற்றி ஏற்றித்தான் மீட்கிறோம். அதே அட்ரோபின் ஊமத்தையிலும் இருப்பதால், ஊமத்தங்காயைக் கடித்துவிட்ட குழந்தைக்கு நேர்மாறாகக் கண்மணி விரிந்து நாடி எகிறும்.

உங்கள் மற்ற கேள்விகளுக்கு வருகிறேன். தூக்கத்தில் 48: கபடி ஆடுகிறவருக்கு இது ஒன்றுமே இல்லை, தூக்கத்தில் வேகஸின் கை ஓங்கும், நல்ல பயிற்சி உள்ளவர்களுக்கு 40ஐ ஒட்டிக்கூட இறங்கும். படியேறினால் 130: முதலில் வேகஸ் விடுகிறது, பிறகு பரிவு நரம்பு இழுக்கிறது, அப்படித்தான் ஏற வேண்டும், நின்றதும் இறங்குகிறதல்லவா, போதும். எழுந்ததும் கண் இருட்டுவது: படுத்திருந்து நின்றவுடன் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். கழுத்து ரத்தக்குழாயிலும் இதயத்தை ஒட்டிய பெருந்தமனி வளைவிலும் அழுத்தத்தை அளக்கும் நரம்பு முனைகள் இருக்கின்றன, அவை முகுளத்துக்குச் சேதி சொல்ல, வேகஸ் விட்டுக்கொடுக்கும், ரத்தக்குழாய்கள் இறுகும், நாடி பத்து இருபது கூடும், எல்லாம் சரியாகும். இந்த ஏற்பாடு முடிவதற்குள் நீங்கள் எழுந்து நடந்துவிடுகிறீர்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள், படுக்கை ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். மற்றபடி அந்த வாட்சை ராத்திரி கழற்றி வைத்துவிட்டுத் தூங்குங்கள், நாடியை நாளுக்குப் பத்துத் தடவை தொட்டுப் பார்க்கிறவருக்கு அந்தப் பயமே நாடியைக் கூட்டும்.

எப்போது நான் இப்படி லேசாகப் பேச மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓடும்போதோ ஆடும்போதோ மயங்கி விழுந்தால், மூச்சுக்குச் சம்பந்தமே இல்லாமல் துடிப்பு தாறுமாறாக இருந்தால், சும்மா இருக்கும்போது திடீரென்று 150க்கு மேல் எகிறி திடீரென்று நின்றால், குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் காரணம் தெரியாமல் இறந்திருந்தால், அப்போது இதய மருத்துவரை நேரில் பார்க்க வேண்டும். கடைசி விஷயத்தைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி அப்பா.

அவர் நாடி கடிகாரம் மாதிரி இருக்கிறது என்று நீங்கள் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியில்தான் மனசு நின்றது. 17 வருஷச் சுகர், விழித்திருந்தாலும் தூங்கினாலும் அதே 96, 98. இதயத்தின் சொந்த வேகம் வயதோடு குறையும், அவர் வயதில் அது சுமார் 80ஐ ஒட்டித்தான் இருக்கும். தூக்கத்தில் அதற்கும் கீழே இறங்க வேண்டிய நாடி இறங்கவே இல்லையென்றால், முட்டுக்கட்டை போடுகிற ஆட்கள் அங்கே இல்லையோ, வடம் மட்டும் இழுபட்டுக்கொண்டிருக்கிறதோ என்று நான் சந்தேகப்படுவேன். மாற்று இதயம் வைத்துக்கொண்டவர்களுக்கும் நரம்புத் தொடர்பு அறுபட்டுவிடுவதால் ஓய்வில்கூட நாடி 90லிருந்து 110 வரை அசையாமல் நிற்கும். அப்பாவுக்கு யாரும் நரம்பை அறுக்கவில்லை, ஆனால் பல வருஷம் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருந்தால் அது நரம்புகளை அரிக்கும், நீளமான நரம்புகளை முதலில் அரிக்கும். காலில் எரிச்சலும் மரத்துப்போவதும் முதலில் பாதத்தில் தொடங்குவது அதனால்தான், உள்ளுறுப்புக்குப் போகும் நரம்புகளில் வேகஸ் சீக்கிரம் அடிபடுவதும் அதனால்தான். இதைச் சர்க்கரை நோயால் வரும் இதய நரம்புப் பாதிப்பு என்போம்.

கடிதத்தைப் படித்துவிட்டு அவருக்கு இதுதான் என்று நான் முடிவு கட்டவில்லை. ரத்தசோகை, தைராய்டு, உள்ளே இருக்கும் காய்ச்சல், இதயம் பலவீனமாக இருப்பது, ஆஸ்துமாவுக்கு எடுக்கும் இன்ஹேலர், இவையும் நாடியைத் தூக்கி வைத்திருக்கும், அதையெல்லாம் பார்த்து விலக்க வேண்டும். ஆனால் சில கேள்விகளை அவரிடம் கேளுங்கள். பாதம் எரிகிறதா, செருப்பு நழுவினால் தெரிகிறதா? நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறதா? காலையில் எழுந்து நிற்கும்போது தள்ளாடுகிறாரா? சுகர் இறங்கும்போது முன்பு வந்த படபடப்பும் நடுக்கமும் இப்போது வருவதில்லையா? ஆண்மைக் குறைவும் இதோடு சேர்ந்து வரும், அதை மகனிடம் சொல்ல மாட்டார், நீங்களும் கேட்க வேண்டாம், டாக்டரோடு தனியாக ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள்.

பரிசோதனை பெரிய செலவு வைக்காது. நீங்கள் செய்த அதே மூச்சுச் சோதனையை ஈசிஜி மாட்டிக்கொண்டு செய்வார்கள், நிமிடத்துக்கு ஆறு மூச்சு. மூச்சை இழுக்கும்போது வரும் அதிகபட்ச வேகத்துக்கும் விடும்போது வரும் குறைந்தபட்ச வேகத்துக்கும் 15க்கு மேல் வித்தியாசம் இருந்தால் நல்லது, 10க்குக் கீழே என்றால் சந்தேகம், அப்பாவின் வயதைக் கணக்கில் வைத்து டாக்டர் முடிவு செய்வார். பிறகு படுக்க வைத்து பிபி பார்த்து, நிற்க வைத்து ஒன்று, மூன்று நிமிடங்களில் திரும்பப் பார்ப்பார்கள். மேல் அளவு 20க்கு மேல் இறங்கினால் நரம்பு ரத்தக்குழாயைச் சரியாக இறுக்கவில்லையோ என்று சந்தேகப்படுவார்கள். வீட்டில் பிபி மெஷின் இருந்தால் இதை நீங்களே பார்த்து எழுதிக்கொண்டு போகலாம், பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ளுங்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் எடுத்துப் போங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இரண்டு காரணம். ஒன்று அந்த ஹெர்னியா ஆபரேஷன். மயக்க மருந்து கொடுக்கும்போதும் முதுகில் ஊசி போடும்போதும் பிபி இறங்கத்தான் செய்யும், நரம்பு நன்றாக இருப்பவர்களுக்கு உடம்பு அதை ஓரளவு சமாளித்துவிடும், இப்படிப் பாதிப்பு உள்ளவர்களுக்குச் சட்டென்று அதிகமாக இறங்கலாம். மயக்க மருந்து டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் தயாராக இருப்பார், தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. இன்னொன்று மாரடைப்பு. வலியைச் சொல்லும் நரம்பும் அடிபட்டிருந்தால் நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பு வரும். திடீரென்று குப்பென்று வேர்வை, மூச்சு முட்டல், காரணமில்லாத அசதி, வாந்தி, இப்படி வந்தால் "கேஸ்தான், ஒரு சோடா குடி" என்று வீட்டில் உட்கார வைக்காதீர்கள், 108ஐக் கூப்பிட்டு ஈசிஜி எடுக்க வையுங்கள். அதே காரணத்துக்காக, பரிசோதனை முடியும் வரை அவரை வேகநடை, ஜிம் என்று கிளப்பிவிடவும் வேண்டாம், வழக்கமாக நடக்கும் நடை போதும்.

கெட்டுப்போன நரம்பைப் பழையபடி ஆக்கும் மாத்திரை எதுவும் என்னிடம் இல்லை, யாராவது லேகியம், பவுடர் என்று விற்றால் வாங்காதீர்கள். சுகரையும் பிபியையும் கொலஸ்ட்ராலையும் கட்டுக்குள் வைத்து, புகை பழக்கம் இருந்தால் விட்டு, மேலே கெடாமல் பார்த்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பலன் அதிகம். சுகரை ஒரே மாதத்தில் தலைகீழாக இறக்கிவிடும் அவசரமும் வேண்டாம், நாடி வேகமாக இருக்கிறதே என்று பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் பீட்டா பிளாக்கரை வாங்கிக் கொடுக்கவும் கூடாது, சுகர் இறங்கும்போது வரும் படபடப்பை அது மறைத்துவிடும்.

ஒரே நாளில் இருவரும் ஒரு பொது மருத்துவரிடம் போங்கள். உங்களை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, மூச்சோடு மாறும் இயல்பான துடிப்பு, வேலைக்குத் தகுதி உண்டு என்று கடிதம் கொடுத்துவிடுவார், எக்கோ எதுவும் நீங்களாகக் கேட்க வேண்டாம். மீதி நேரத்தை அப்பாவுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். ஹெர்னியா வலியில்லாமல், படுத்தால் உள்ளே போகிறது என்றால் பொதுவாக ஆபரேஷனை ஓரிரு வாரம் தள்ளிவைக்கலாம், அறுவை டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னால் அவரே தேதியை மாற்றித் தருவார். வீக்கம் உள்ளே போகாமல் இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் மட்டும் தேதி பார்க்காமல் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள், போகும்போது சுகர் எத்தனை வருஷம், நாடி எப்படி என்பதை மயக்க மருந்து டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.